திருமலைத் துறையில் ஒரு பாய்ப்படகு

சென்ற மாசியில் வந்த சிவராத்திரி விரதத்தைத் திருக்கோணேச்சரத்தில் நோற்பதென்று தீர்மானித்து, நாம் குடும்ப சமேதராய்த் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். குடும்பம் என்றால் நாம், எமது மனைவியார், அண்ணனின் மகள் ஆகிய மூவர். அண்ணன் மகளை அழைத்துச் சென்றதற்கு விரதம் மட்டும் காரணமன்று. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் அப்பெண், தான் கப்பல் அதிகாரியாவதற்கான படிப்பிற் சேரப்போவதாக வீட்டில் ஒருநாள் அறிவித்துவிட்டாள். அன்று முதல் அவ்வீட்டில் அமைதியில்லை. அண்ணியின் தம்பி ஒருவரை 2004 டிசெம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவிற் கடல் கொண்டுபோயிற்று. அதன் பின்னர் அண்ணி கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுத்தவரல்லர்.

"தம்பி, நீ படிப்பிக்கிறவன். நீ சொன்னாற் கேட்பாள். திருமலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆறுதலாய் எடுத்துச் சொல்லு," என்று அண்ணன் பொறுப்பை எம்மிடம் ஒப்புவித்தார். கடல் வேண்டாமென்று புத்தி சொல்வதற்கு ஒரு பெண்ணைத் திருகோணமலைக்கு அழைத்துச் செல்வது எத்தகைய அறிவுடைமை என்பதை நாம் அப்போது எண்ணிப்பார்க்கவில்லை.

பிரெடரிக் கோட்டை வாயிலுக்குள் நுழைந்து, மர நிழலிற் கூட்டங்கூட்டமாய் நின்ற மான்களைக் கடந்து, சுவாமி மலையில் ஏறினால், மூன்று புறமும் கடல். இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோர்க்குத் தலை சுற்றும். அன்றிரவு கோயிலிற் கூட்டம் நிரம்பி வழிந்தது. முதற் சாமப் பூசையும் இரண்டாஞ் சாமப் பூசையும் கண்டோம். மூன்றாஞ் சாமத்தில் எமது கண்கள் தாமாகவே மூடத் தொடங்கின. அண்ணன் மகளோ மதிலோரத்தில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, அந்த வெளிச்சத்தைப் பாருங்கள். இரண்டு மணித்தியாலமாக அது அங்கேயே நடந்து திரிகிறது," என்றாள். தொலைவில் ஒரு சிறிய ஒளி வடக்கே போவதும், நெடுநேரங் கழித்துத் தெற்கே திரும்புவதுமாக இருந்தது. மீன்பிடி வள்ளமாக இருக்கும் என்றோம். அவள் ஒப்பவில்லை, வள்ளத்து வெளிச்சம் இத்தனை உயரத்தில் இராது என்றாள்.

அவள் சொன்னதே சரியென்று விடிந்ததும் தெரிந்தது. காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஒற்றைப் பாய்மரத்தோடு ஒரு வெண்ணிறப் படகு மெல்ல மெல்லக் கொட்டியாரக் குடாவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் 'யொட்' என்று வழங்கும் பாய்ப்படகு அது. அறிமுகமில்லாத துறைமுகத்துள் இருளில் நுழைதல் ஆபத்தாகையால், விடியும் வரையில் அது கரைக்கு அப்பால் உலாவிக்கொண்டிருந்ததாம். இதனை எமக்குச் சொன்னவர், துறைமுகத்தோடு தொடர்புள்ள தொழிலில் இருக்கும் எமது பழைய மாணவர். "விருப்பமென்றால் நாளை பின்னேரம் கேட்டுப் பார்க்கிறேன், சேர். சுங்கம், குடிவரவு எல்லாம் முடிய வேண்டும்," என்றார். நாம் வாய் திறக்குமுன் அண்ணன் மகள் "விருப்பந்தான்" என்று சொல்லிவிட்டாள்.

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை வாசகர்கள் பாடப்புத்தகத்திற் படித்திருப்பர். மலைகள் வளைத்து நிற்க, உள்ளே குளம்போற் கிடக்கும் ஆழ்ந்த நீர். வெளியே வாடைக்காற்று எவ்வளவு சீறினாலும் உட்டுறையில் நங்கூரமிட்ட கலம் அசையாது. இதற்காகவே ஐரோப்பியர் அடிபட்டனர். 1782 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் இக்கரைக்கு அப்பாற் பொருதினர். பம்பாயில் 1817இல் தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட ஆங்கிலப் போர்க்கப்பலொன்று 'திருகோணமலை' என்ற இப்பெயரையே தாங்கி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறையிற் குண்டு பொழிந்தன. 1957இல் ஆங்கிலக் கடற்படை கடற்படைத்தளத்தைக் கையளித்து நீங்கியது.

எமது மனத்தில் நின்றது போர்க்கதைகளல்ல. முறிந்த பாய்மரம் ஒன்றின் கதை. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரத்தில் ஒதுங்கிற்று. அடுத்த ஆண்டு கண்டி அரசனின் ஆட்கள் கப்பற்றலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்துச் சென்றனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து 1679இல் தப்பியோடினான். கண்டி இராச்சியத்தைப் பற்றி அவன் எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. ஒரு மரம் முறிந்ததால் ஒருவனுடைய இளமை முழுவதும் போயிற்று. பாய்க்கப்பலில் மரம் என்பது அத்தகையது.

மறுநாட் பின்னேரம், அடையாள அட்டைகளைக் காட்டி, சிறு வள்ளமொன்றில் ஏறி, அப்படகை அடைந்தோம். நீளம் நாற்பதடி இருக்கலாம். எழுபதைக் கடந்த முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் எம்மை வரவேற்றனர். லங்காவித் தீவிலிருந்து வங்காள விரிகுடாவைக் குறுக்கறுத்துப் பத்து நாளில் வந்தார்களாம். நாம் சிவராத்திரி கண்ட கதையைச் சொன்னோம். நான்கு சாமமும் விழித்திருப்பது எமது வழக்கமென்றதும், அம்மூதாட்டி தம் கணவரைப் பார்த்துச் சிரித்தார். பத்து நாளும் அவர்கள் இருவரும் மூன்று மணிக்கொருவராய் மாறி மாறி விழித்திருந்தார்களாம். எமக்கு ஓரிரவே பெரும்பாடாகிவிட்டதை நாம் சொல்லவில்லை.

உள்ளே இறங்கினோம். வாசகர்கள் ஒரு சிறிய அறையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அவ்வறை நாளெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும் என்பதையும் மறத்தலாகாது. அடுப்பு தரையிற் பொருத்தப்படவில்லை. இருபுறத்து முளைகளிற் தொங்குகின்றது. அம்மையார் விரலால் தட்டினார். அடுப்பு ஊசலாடியது, மேலிருந்த பாத்திரத்து நீர் சிந்தவில்லை. எம் வீடுகளில் தொங்கும் தூண்டாமணி விளக்கு எம் நினைவுக்கு வந்தது. சமைப்பவரை அடுப்பெதிரே கட்டி வைக்க ஓர் அரைப்பட்டி உண்டு. படுக்கை இரண்டடி அகலம். அதன் விளிம்பிலிருந்து ஒரு கனத்த துணியை மேலே இழுத்துக் கட்டினால், படுத்திருப்பவர் உருண்டு விழார். "ஏணை!" என்றார் எமது மனைவியார். பிள்ளையை ஏணையிற் போடுவதுபோலத்தான் அவர்கள் ஒருவரையொருவர் படுக்க வைக்கின்றனர்.

நன்னீரின் அருமை அங்கேதான் விளங்குகின்றது. தொட்டியில் உள்ள நீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்பும் பாத்திரங் கழுவலும் கடல்நீரில். கடைசியில் ஒரு குவளை நன்னீரால் உப்பைப் போக்குவர். கடல்நீரிற் சாதாரண சவர்க்காரம் நுரைக்காது. நீரிலுள்ள உப்புக்கள் அதனைத் திரளச் செய்துவிடும். அதனால் வேறு வகைத் திரவம் வைத்திருக்கின்றனர். சோறு சமைக்கும்போது மூன்றிலொரு பங்கு கடல்நீர் விட்டால் உப்பும் மிச்சம், நீரும் மிச்சம். மழை பெய்தாற் பாயின் அடியில் வாளி கட்டுவர்; ஆயினும் முதல் மழைநீரைப் பிடிக்கலாகாது. பாயிற் படிந்த உப்பெல்லாம் கரைந்தோடிய பின்னரே பிடிக்க வேண்டும். அண்ணன் மகள் இவற்றையெல்லாம் ஒரு கொப்பியிற் குறித்துக்கொண்டாள்.

இவை உல்லாசப் பயணத்தின் வசதிகள். முதியவர் தமது இளமையில் உலகைச் சுற்றும் பாய்ப்படகுப் போட்டியொன்றிற் பங்குபற்றியவர் என்பதைப் பேச்சினிடையே அறிந்தோம். அதன்பின் அண்ணன் மகள் அவரை விடவில்லை.

போட்டிப் படகில் வாழ்வு வேறு. வேகத்திற்காக ஒவ்வோர் இறாத்தலையும் குறைப்பர். ஆளுக்கு ஒரு சிறு பை உடுப்பு. பல் துலக்கும் தூரிகையின் பிடியைக்கூட அறுத்து எறிந்தவர்களைத் தாம் கண்டதாகச் சொன்னார். உணவு, உலர்த்திய பொடி. வெந்நீர் ஊற்றிப் பிசைந்தால் அதுவே கோழிக்கறி, அதுவே கூழ். மூன்றாம் வாரத்தின் பின் எல்லாம் ஒரே சுவை. தோடம்பழம் ஒன்றைக் கனவிற் கண்டு விழித்தெழுந்து அழுத தோழர் ஒருவர் இருந்தாராம்.

நான்கு மணி நேரம் மேல்தட்டிற் காவல். நான்கு மணி நேரம் ஓய்வு. ஓய்வென்றால், நனைந்த உடுப்பைக் களைந்து, உண்டு, முன்னவர் எழுந்துபோன அதே படுக்கையில் அவருடைய சூடு ஆறுமுன் புகுந்து, இரண்டரை மணி நேரம் உறங்கினால் அதிர்ஷ்டம். பாய் மாற்ற வேண்டுமெனில் எல்லாரும் எழுந்தேயாக வேண்டும். காற்று வரும் பக்கத்திற் பாரம் இருந்தாற் படகு நிமிர்ந்தோடும்; ஆதலால் திசை மாறுந்தோறும் நனைந்த பாய்மூட்டைகளையும் உணவுப் பைகளையும் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குச் சுமந்து அடுக்குவர். உறங்குபவரும் பாரமே, அவரையும் எழுப்பி அப்பக்கத்துப் படுக்கைக்கு மாற்றுவர். தென்கடலிற் சுவரெல்லாம் வியர்த்து நீர் சொட்டும். அலை மோதும் ஓசை, பறைக்குள் இருந்துகொண்டு பறையடி கேட்பது போன்றது.

சண்டை வராதா என்று கேட்டோம். ஆசிரியர் புத்தி, எங்கே போனாலும் ஒழுங்கு விசாரணைதான். புயலிற் சண்டை வருவதில்லையாம். காற்றே இல்லாமல் நிலநடுக்கோட்டருகே நாட்கணக்காய்ப் படகு அசையாது கிடக்கும்போதுதான் வரும். அதுவும் கரண்டி ஒன்றுக்காக. தமது கரண்டியைப் பிறரொருவர் எடுத்ததற்காக ஒருவர் நான்கு நாள் பேசாதிருந்தாராம். எமது ஆசிரியர் ஓய்வறையில் இதனிலும் அற்பமான காரணத்திற்கு நான்கு மாதம் பேசாதிருந்தவர்களை நாம் அறிவோம்.

எல்லாரும் இடுப்பில் வாரணிந்து, தட்டின் நீளத்திற்குக் கட்டிய கம்பியில் அதனைக் கொளுவிக்கொள்வர். ஏன் அத்தனை கட்டுப்பாடு என்பதற்கு அவர் ஒரு கணக்குச் சொன்னார். மணிக்குப் பத்துக் கடல்மைல் வேகத்தில் ஓடும் படகிலிருந்து ஒருவர் விழுந்தால், ஒரு நிமிடத்திற்குள் படகு முந்நூறு மீற்றர் போய்விடும். இரவில், அலைகளினிடையே, முந்நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு தலை. அவர் மேலே சொல்லவில்லை. மனைவியார் எம்மைப் பார்த்தார். அண்ணனின் தூதராய் நாம் பேச வேண்டிய தருணம் அதுவே, பேச்சு வரவில்லை.

இத்தகைய போட்டிகள் நமக்கு எங்கோ தொலைவில் நடப்பன என்று எண்ண வேண்டா. தனியொருவராய், இடைநில்லாது உலகை முதன்முதற் பாய்விரித்துச் சுற்றிய றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரனின் 'சுஹைலி' என்னும் முப்பத்திரண்டடிப் படகு பம்பாயிற் கட்டப்பட்டது. 1968 ஜூன் 14ஆம் திகதி புறப்பட்டு 312 நாட்களின் பின் 1969 ஏப்ரல் 22ஆம் திகதி அவர் கரை சேர்ந்தார். போட்டியிட்ட ஒன்பதின்மரில் முடித்தவர் அவரொருவரே. தொட்டி நீர் கெட்டுப்போக, மழைநீரை நம்பியே அவர் காலங் கழித்தார். 2008 டிசெம்பரில் 'வொல்வோ' போட்டிப் படகுகள் கொச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு, 1,950 கடல்மைல், இலங்கையின் தென்முனைக்கு அப்பாற் கடந்தோடின. படகொன்றுக்குப் பதினொருவர். அந்நாட்களில் எம்மவர்க்கு வேறு கவலைகள் இருந்தன. அப்பாய்களைப் பற்றி நாம் கேள்விப்படவுமில்லை.

பழைய முறைப்படி, செய்மதி வழிகாட்டியின்றி, நட்சத்திரங்களையும் கடதாசி வரைபடத்தையும் துணைக்கொண்டு ஓடும் 'கோல்டன் குளோப்' போட்டியில் 2018இற் சென்றவர் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. அவருடைய படகு 'சுஹைலி'யின் வடிவிற் கோவாவிற் கட்டப்பட்டது. செப்டெம்பர் 21ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு ஏறக்குறைய 1,900 கடல்மைல் மேற்கே, புயலிற் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பும் முறிந்தது. எழ முடியாமற் படுக்கையிற் கிடந்தவரை மூன்றாம் நாட் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. முதுகில் டைட்டானியத் தண்டுகள் பொருத்தி, நடக்கவே மறுபடி பழகிய அவர், 2022 செப்டெம்பரில் அதே போட்டியில் மீண்டும் இறங்கினார். காற்றினால் இயங்கும் சுக்கான் கருவி பழுதானபோது கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குத் துடுப்புச் செய்துகொண்டார். 2023 ஏப்ரல் 29ஆம் திகதி, 236 நாட்களின் பின், இரண்டாமவராய்க் கரை சேர்ந்தார். முதலாமவர் தென்னாபிரிக்கப் பெண்மணி கேர்ஸ்ரன் நொய்ஷேபர். இரண்டு நாள் முந்தி வந்தார்.

"பெண்ணா?" என்றோம் நாம். கேட்டபின் வெட்கமாயிற்று. அம்மையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. 1989-90ஆம் ஆண்டுப் போட்டியில் பெண்களே ஓட்டிய 'மெய்டன்' என்ற படகு தன் பிரிவில் இரு கட்டங்களில் முதலிடம் பெற்றதைச் சொன்னார். எமது மாணவர் தம் பங்குக்கு, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்து தில்னாவும் 'தாரிணி' என்னும் ஐம்பத்தாறடிப் படகில் இருவராய் உலகைச் சுற்றி, 2024 ஒக்டோபர் 2ஆம் திகதி கோவாவிற் புறப்பட்டு 2025 மே 29ஆம் திகதி திரும்பியதை எடுத்துரைத்தார். இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். அண்ணன் மகள் இவற்றை முன்னரே அறிவாள் போலும். கொப்பியில் எதுவும் எழுதவில்லை.

அதற்குப் பதிலாக அவள் தன் கதையைச் சொன்னாள். வல்வெட்டித்துறையில் எம்மவர் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் வாங்கியதும், தமிழ் மாலுமிகள் தண்டையல் தம்பிப்பிள்ளையோடு அதனைப் பாய்விரித்து ஓட்டிச் சென்று 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையை அடைந்ததும் அவள் வாயாற் கேட்டபோது, வடமராட்சியிற் பிறந்த எமக்கு அது புதிதன்று. ஆயினும் அதனை அந்நியரெதிரே ஒரு பெண் பிள்ளை சொல்லக் கேட்பது புதிது. முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1928 முதல் 1931 வரை சிறு படகொன்றில் உலகைச் சுற்றிய அந்த றொபின்சனின் பெயர் அவருக்கு நன்கு தெரிந்திருந்தது. "அந்தக் கப்பல் உங்கள் ஊரதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பின்பு அவள் அம்மையாரிடம் ஒரு கேள்வி கேட்டாள். "உங்கள் அம்மா சம்மதித்தாரா?"

அம்மையார் உடனே விடை சொல்லவில்லை. தேநீர்க் குவளைகளைச் சேர்த்தார். தம் தாயார் இறுதிவரை சம்மதிக்கவில்லை என்றார். கணவர் போட்டிக்குப் போன காலத்தில் தாம் கரையிலிருந்ததாகவும், வானொலிச் செய்தி வராத நாட்களில் இரவெல்லாம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததாகவும், காத்திருப்பதிலும் கடலோடுவது எளிதென்று கண்டே தாம் பாய் பிடிக்கப் பழகியதாகவும் கூறினார். அண்ணியின் முகம் எம் கண்முன் வந்துபோயிற்று. முல்லைத்தீவிலிருந்து செய்தி வராத அந்த மூன்று நாளும் அவர் அடுக்களை வாசற்படியிலேயே இருந்தார்.

இம்முறை கேள்வி எம் பக்கம் திரும்பியது. "இவளுக்கு நீந்தத் தெரியுமா?"

தெரியாது. எமக்கும் தெரியாது. கடலோரத்திற் பிறந்து, கடலோரத்திற் படித்து, இருபது ஆண்டுகளாகக் கடற்காற்று வீசும் வகுப்பறையிற் கற்பித்துவரும் நாம், முழங்கால் ஆழத்திற்கு மேல் இறங்கியதில்லை. ஐம்பது மாணவர் கொண்ட வகுப்பில் நீந்தத் தெரிந்தவர் கையுயர்த்துக என்றால் எத்தனை கைகள் உயரும் என்பதை நாம் அறிவோம். கடல் கொண்டுபோகும் என்று அஞ்சும் நாம், அக்கடலில் மிதப்பதற்கு மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்குவதில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார் எமது மனைவியார்.

திகைத்தோம். பதினாறு ஆண்டு இல்வாழ்க்கையில் இதனை அவர் சொன்னதில்லை; நாமும் கேட்டதில்லை. 1990இல் இடம்பெயரும் வரையிற் கீரிமலைக் கேணியிற் பெரியம்மாமாரோடு இறங்கி நீந்திய பிள்ளை அவர். பதினொரு வயதில் நின்றது. "மறந்திராது," என்று அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

புறப்படும்போது பொழுது சாய்ந்திருந்தது. சோபர் தீவின் மரங்கள் கருத்து நின்றன. மீன் வள்ளமொன்று வந்தது. அதன் அலையிற் படகு சற்றே ஆடியபோது, கம்பியைப் பற்றிக்கொண்டது நாம் மட்டுமே. முதியவர் ஒரு சாண் கயிற்றைக் கொடுத்து முடிச்சொன்று போடச் சொன்னார். அண்ணன் மகள் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை போட்டாள். அக்கயிற்றை அவளே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வவுனியா வழியாக ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அண்ணனின் அழைப்பு வந்தது.

"சொன்னனியோ?"

"சொல்ல வெளிக்கிட்டன், அண்ணா. முதலிற் பிள்ளை நீந்தப் பழகட்டும். அதற்குப் பிறகு கதைப்பம்."

நெடுநேரம் மறுமுனையிற் பேச்சில்லை. பின்னால் அண்ணியின் குரல் ஏதோ கேட்டது. "ஆர் பழக்குறது?" என்றார் அண்ணன்.

மனைவியார் கைபேசியை எம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார்.